நாற்பதுக்கு நூற்று இருபத்தேழு

பழைய லேத்தின் (கடைசல் இயந்திரத்தின்) இடப்பக்க மூடியைத் திறந்தால் பற்சக்கரங்கள் தெரியும். கூட வரும் மாற்றுச் சக்கரங்களின் பற்கள் 20, 25, 30 என்று ஐந்தைந்தாக ஏறும். அவற்றுக்கு நடுவே வரிசையில் ஒட்டாத ஒன்று: 127 பல்.

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டை 1970களில் எழுந்தது. அதற்கு முன்பே, பக்கத்து ஜாலஹள்ளியில், 1953இல் பிறந்த எச்.எம்.டி. நிறுவனம் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் துணையோடு லேத் செய்யத் தொடங்கியிருந்தது. பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகம் கடைந்து தரும் சிறு பட்டறைகளே பீன்யாவின் உயிர். தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வந்த டர்னர்கள் (கடைசல்காரர்கள்) பலருக்கு அங்கே சோறு போட்டது கைத்திறனோடு சேர்ந்த பின்னக் கணக்கு.

1956இல் மெட்ரிக் முறைக்கான எடை அளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா ஆனது. திண்ணைப் பள்ளியில் முந்திரி (320இல் ஒரு பங்கு) வரை மனப்பாடம் செய்த மரபுக்குக் கடைத்தெருவில் இடமில்லாமல் போனது. பின்னம் அங்கிருந்து கிளம்பி லேத்தின் பக்கம் வந்து நின்றது என்றே சொல்லலாம். வரைபடம் மில்லிமீட்டருக்கு மாறிவிட்டது. அங்குலத்தில் வெட்டிய லீட் ஸ்க்ரூ (உளியை நகர்த்தும் திருகுத்தண்டு) உள்ள இயந்திரம் மாறவில்லை.

கணக்கு இதுதான். லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 4 மரை; வெட்ட வேண்டியது 2 மி.மீ. பிட்ச், அதாவது மரைக்கு மரை 2 மி.மீ. இடைவெளி. அங்குலம் என்பது 25.4 மி.மீ.; நாலால் வகுத்தால் 6.35. லீட் ஸ்க்ரூவின் ஒரு சுற்றுக்கு உளி அவ்வளவு தூரம் நகரும். வேலைத்துண்டின் ஒரு சுற்றுக்கு அது 2 மி.மீ. மட்டும் நகர வேண்டுமென்றால், லீட் ஸ்க்ரூ எத்தனை சுற்று சுற்ற வேண்டும்? தெரியாத எண் அதுவே: 2/6.35. தசமத்தில் வகுத்தால் 0.3149... என்று முடிவில்லாமல் நீளும். வேலைத்துண்டின் சுழற்சியை லீட் ஸ்க்ரூவுக்குக் கடத்தும் பற்சக்கரங்களில் அந்த எண்ணுக்குச் சக்கரம் கிடையாது. டர்னர் வகுப்பதில்லை. மேலும் கீழும் நூறால் பெருக்குகிறார்: 200/635. இரண்டையும் ஐந்தால் அடிக்கிறார்: 40/127.

விடையே சக்கரமாகிவிட்டது! ஓட்டும் சக்கரத்துக்கு 40 பல், ஓடும் சக்கரத்துக்கு 127. 127 பகா எண். அதைச் சின்னச் சக்கரங்களாகப் பிரிக்க வழியில்லை. சக்கரங்களை இடம் மாற்றி மாட்டினால் பிட்ச் 20 மி.மீ.யைத் தாண்டிவிடும். ஆகவே 6.35ஐ 40ஆல் பெருக்கி 127ஆல் வகுத்து, 2 வருகிறதா என்று சரிபார்த்த பிறகே மோட்டாரைப் போட வேண்டும்.

இதன் அடியில் இருப்பது திரைராசிகம்: மூன்று தெரிந்தால் நாலாவதைக் காண்பது. இந்தக் கன்னட மண்ணுக்கு அது புதிதல்ல. ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்துக் கணித அறிஞர் மகாவீரர், 9ஆம் நூற்றாண்டிலேயே கணித சார சங்கிரகத்தில் பின்னங்களுக்கும் திரைராசிகத்துக்கும் விரிவாக இடம் கொடுத்தார்.

இன்று கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் பிட்சை நிரலில் எழுதினால் போதும். சுழற்சியையும் நகர்வையும் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்திக்கொள்ளும். சக்கரம் மாட்டும் லேத்தில் கணக்கு இன்னும் மனிதருடையது. பிட்ச் 3 மி.மீ. என்றால் 300/635, ஐந்தால் அடித்தால் மேலே 60, கீழே அதே 127.