கப்பலில் நல்ல இடம் எது?

குடும்பத்துடன் முதன்முறையாகச் சுற்றுலாக் கப்பலில் செல்ல விரும்புவோரை முதலில் மலைக்க வைப்பது கடல் அன்று, ஒரு வரைபடம்! பத்துப் பன்னிரண்டு தளங்கள், தளந்தோறும் தேன்கூட்டு அறைகளைப் போல் நூற்றுக்கணக்கான கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு விலை. 2022ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து சுற்றுலாக் கப்பல் புறப்படத் தொடங்கியபின் இந்த வரைபடம் நம்மூர்க் கூடங்களுக்குள்ளும் நுழைந்தது. பிள்ளைகள் பலகணி வேண்டும் என்பார்கள். பாட்டிக்குப் பேருந்தில் ஏறினாலே தலைசுற்றும். பணம் கட்டுகிறவருக்கோ கண்ணெல்லாம் விலைப்பட்டியலில். முன்புறமா, பின்புறமா, மேலா, கீழா, உள்ளறையா, வெளியறையா?

இந்தக் கேள்விக்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. அதைப் புரட்டிப் பார்த்ததில் நமக்கு ஒன்று தெளிவாகப் புலப்பட்டது. கப்பலில் 'உயர்ந்த இடம்' என்று விலை வைக்கப்பட்ட இடமும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் இடமும் ஒன்றாக இருந்த காலம் மிகக் குறுகியது. மற்றக் காலமெல்லாம் விலை ஒரு பக்கமும் வயிறு இன்னொரு பக்கமும் இழுத்திருக்கின்றன.

பாய்மரக் காலத்திலிருந்து தொடங்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல்களில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்த கனவான்களுக்கு உரிய இடம் கப்பலின் பின்பகுதி. நம் பரதவர்கள் 'அணியம்' என்று அழைக்கும் முன்பகுதி அலையை முதலில் எதிர்கொள்வது. நீர் வாரி அடிக்கும் இடம். மாலுமிகள் முடங்கிக் கிடந்த இடமும் அதுவே. பின்பகுதியில் ஈரம் குறைவு. சுக்கான் அங்கே, ஆகவே கப்பல் தலைவரும் அங்கே. வரிசையாகக் கண்ணாடிச் சாளரங்கள் வைக்க இடம் கிடைத்ததும் அங்கேதான். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அறைப்பகுதிகள் இருந்தன. கீழே இருந்தது 'பெரிய கேபின்'. அதற்கு மேலே, வட்டமாக இல்லாமலேயே 'ரவுண்ட் ஹவுஸ்' என்று பெயர் பெற்ற பகுதி. மேலே இருந்ததால் கடல் சற்றுக் கொந்தளித்தாலும் அதன் சாளரங்களைத் திறந்து வைக்க முடிந்தது. பெண்டிருடன் பயணம் செய்தோர் பெரும்பாலும் அதையே நாடினர். விலையும் அதற்கே கூடுதல். ஆனால் அதன் கூரைமேல் மாலுமிகளின் காலடியோசை ஓயாது; போதாக்குறைக்குக் கோழிக்கூடுகளும் அங்கேதான்!

அறை என்று சொன்னாலும் இன்றைய அறையை எண்ணிவிடக் கூடாது. வாடகைக்குக் கிடைத்தது வெற்றிடம் மட்டுமே. கட்டில், மேசை, நாற்காலி, முகம் கழுவும் கிண்ணம் எல்லாவற்றையும் பயணியே வாங்கிவந்து, அலையில் உருளாமல் தரையோடு கட்டிவைக்க வேண்டும். தடுப்புகள் பல இடங்களில் வெறும் பாய்த்துணி. எதிரிக் கப்பல் தென்பட்டால் துணியைச் சுருட்டிவிட்டுப் பீரங்கிக்கு இடம் விடுவார்கள். இத்தனைக்கும், ஊஞ்சல் பலகையின் நுனியைப் போல மிக அதிகமாக ஏறி இறங்குவது கப்பலின் இரு முனைகளே. அதாவது, அன்றைய கனவான்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்கியது வெளிச்சத்தையும் காற்றையும் மதிப்பையும். அமைதியான வயிற்றை அன்று.

கப்பலின் நடுப்பகுதி யாருக்குக் கிடைத்தது? இங்கேதான் 'குடும்பம்' என்ற சொல் கப்பல் வரலாற்றில் முக்கியத்துவம் பெறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியோரின் கப்பல்களில், தளத்துக்குக் கீழே நீண்ட இருட்டுக் கூடம் ஒன்றில் நூற்றுக்கணக்கானோர் அடைந்து சென்றனர். அந்தக் கூடத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மணமாகாத ஆண்கள் முன்புறம். மணமாகாத பெண்கள் ஒரு மேற்பார்வைப் பெண்மணியின் கண்காணிப்பில் பின்புறம். கணவன், மனைவி, குழந்தைகள் நடுவில். தனித்த ஆண்களை முன்புறத்தில் தடுப்பிட்டுப் பிரித்து வைக்க வேண்டும் என்று 1852ஆம் ஆண்டுப் பயணிகள் சட்டமே விதித்தது. நோக்கம் ஒழுக்கம், குழந்தைகளின் வயிற்றைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் கப்பல் மிகக் குறைவாக ஆடும் இடம், ஏழைக் குடும்பங்களுக்குக் கேளாமலே வாய்த்தது. காற்றும் ஒளியும் வாய்க்கவில்லை.

நீராவி வந்தது. 1842 சனவரியில் சார்லஸ் டிக்கன்ஸ் தம் மனைவியுடன், நான்கு குழந்தைகளையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டு, குனார்டு நிறுவனத்தின் 'பிரிட்டானியா' என்னும் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பலில் லிவர்பூலிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டார். தமக்கென ஒதுக்கப்பட்ட அறையைக் கண்டதும் அடைந்த திகைப்பை, பின்னர் அமெரிக்கப் பயணம் குறித்து எழுதிய நூலில் ஓர் அத்தியாயம் முழுக்க நகைச்சுவையாகக் கொட்டித் தீர்த்தார். விளம்பரப் படத்தில் பார்த்த அறை வேறு, நேரில் கண்ட அறை வேறு! (இந்தத் துறையில் இரு நூற்றாண்டுகளாக மாறாதது இது ஒன்றுதான் போலும்.) அக்கடும்பயணத்தில் நெருப்பைக் கக்கும் புகைபோக்கியின் மேல் அவருக்குப் பேரச்சம் உண்டாயிற்று. அதே ஆண்டு சூனில் அவர் ஊர் திரும்பியது பழைய பாய்மரக் கப்பலில். புதிய பொறியை நம்ப மனிதர்க்குக் காலம் பிடிக்கிறது.

துடுப்புச்சக்கரம் போய், நீருக்கடியில் சுழலும் விசிறி வந்தபோது நல்ல இடத்தின் கணக்கே தலைகீழானது. விசிறி சுழல்வது கப்பலின் பின்முனையில். அதன் அதிர்வும் இரைச்சலும் நேராகக் கனவான்களின் படுக்கையைத் தாக்கின. ஆயினும் பழக்கம் எளிதில் விடுமா? முதல் வகுப்பைப் பின்புறத்திலேயே தொடர்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். இதை உடைத்தது ஒயிட் ஸ்டார் நிறுவனத்துக்காகப் பெல்ஃபாஸ்ட் நகரில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கட்டிய 'ஓஷியானிக்'. 1871 மார்ச்சில் முதற்பயணம் புறப்பட்ட இக்கப்பலில் முதல் வகுப்பு அறைகளும் உணவுக்கூடமும் கப்பலின் நடுவுக்கு வந்தன. கூடம் கப்பலின் முழு அகலத்துக்கும் விரிந்தது. இரு புறமும் சாளரங்கள். விலையும் வயிறும் கைகோத்துக்கொண்ட அந்தக் குறுகிய காலம் இங்கே தொடங்குகிறது. ஏழைக் குடும்பங்களின் நிலை? அதுவரை நடுவில் இருந்தவர்கள் இப்போது முனைகளுக்குத் தள்ளப்பட்டார்கள்.

அதன் விளைவை 1912 ஏப்ரலில் உலகம் கண்டது. அதே நிறுவனத்தின் 'டைட்டானிக்' கப்பலில் மூன்றாம் வகுப்பின் தனித்த ஆண்கள் முன்முனையிலும், குடும்பங்களும் தனித்த பெண்களும் பின்முனையிலும் தங்கவைக்கப்பட்டிருந்தனர். உயிர்காப்புப் படகுகள் இருந்ததோ மேல்தளத்தில். இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 24 பேரும் உயிர் தப்பினர். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேரில் தப்பியவர்கள் 27 பேர். பிரிட்டிஷ் விசாரணை மன்றம் பதிவு செய்த எண்கள் இவை. மூன்றாம் வகுப்பினரை வேண்டுமென்றே தடுத்ததாக அம்மன்றம் ஏற்கவில்லை. தடுத்தார்களோ இல்லையோ, பழக்கமற்ற இடைவழிகளும் படிகளும் நடுவே இருந்தன. நள்ளிரவில் கைக்குழந்தையுடன் அவற்றைக் கடந்தாக வேண்டியிருந்தது. வரைபடத்தில் ஒரு விரல் அகலம்தான் அந்தத் தூரம்.

கிழக்கு நாட்டுப் பாதைக்கு வருவோம். சூயசுக் கால்வாய் 1869இல் திறந்தபின், இந்தியா வரும் கப்பல்களுக்குச் செங்கடலே பெருஞ்சோதனையாயிற்று. குளிர்சாதனம் இல்லாத காலம், இரும்பு உடல், நண்பகல் வெயில். செங்கடலில் கப்பல் தென்கிழக்காக இறங்கும்போது இடப்புறம் கிழக்கே அமையும். அந்தப் பக்கத்து அறைக்குக் காலை வெயில் மட்டுமே, மாலைக்குள் ஆறிவிடும். வலப்புற அறையோ பிற்பகல் முழுதும் காய்ந்து, இரவெல்லாம் அனலை உமிழும். திரும்பும்போது இது மாறும். 'போகையில் இடப்புறம், வருகையில் வலப்புறம்' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே பி, ஓ, எஸ், எச் என்று சேர்ந்து 'போஷ்' என்ற சொல்லாயிற்று என்றும், பி அண்ட் ஓ நிறுவனத்தார் பயணச்சீட்டில் அவ்வெழுத்துகளை முத்திரை குத்தினர் என்றும் ஒரு கதை உலவுகிறது. கேட்கச் சுவையானதுதான்! ஆனால் அத்தகைய முத்திரையிட்ட சீட்டு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. சொல்லாராய்ச்சியாளர்கள் இவ்விளக்கத்தை ஏற்பதில்லை. ஊர்ப்பெயர்களுக்கு நம்மவர்கள் கட்டும் கதைகளின் வரிசையில் இதையும் சேர்த்துவிடலாம். சொற்கதை பொய், வெயில் மெய்.

அந்த வெயில் செய்த வேடிக்கை ஒன்றுண்டு. கோடையில் முதல் வகுப்புப் பயணிகளே மெத்தையைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்தில் வந்து படுத்தார்கள். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். காசு கொடுத்து வாங்கிய அறை கீழே காலியாகக் கிடந்தது. கொழும்பு வழியாக இரங்கூனுக்குக் கப்பல் விட்ட பிப்பி நிறுவனத்தாரோ, உள்ளறைக்கும் காற்று வர வழி கண்டனர். வெளியறையின் ஓரமாக ஒடுங்கிய சந்து ஒன்றை விட்டு, அதன் கோடியில் உள்ளறைக்கென ஒரு வட்டச் சாளரம் வைத்தார்கள். கப்பல் கட்டுவோரிடையே 'பிப்பி அறை' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அறையே இல்லாதவர்களுக்கும் இடத்தேர்வு உண்டு. அதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. மலாயாவின் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் சென்ற நம் மக்களில் பெரும்பாலோர்க்குப் பாய் விரித்த இடமே அறை; பெட்டியே சுவர். ஏறத்தாழ ஒரு வாரம் அதுவே வீடு. வெயில் படாத, மழைச்சாரல் எட்டாத, தண்ணீர்க் குழாய்க்கு அருகில், கழிப்பறைக்குத் தொலைவில் ஓரிடம் பிடிக்க ஏணிப்படியில் முந்தியவர்கள், இன்று வரைபடத்தைப் பார்த்துத் தயங்கும் பேரப்பிள்ளைகளைவிடத் தேர்ந்த வல்லுநர்கள் என்போம். அவர்கள் பார்த்தது விலையை அன்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரண்டு கருவிகள் கணக்கை மீண்டும் மாற்றின. ஒன்று குளிர்சாதனம். மற்றொன்று, கப்பலின் இரு பக்கமும் மீன்செதிள் போல நீட்டிக்கொண்டு உருளலைத் தணிக்கும் நிலைப்படுத்தித் தகடுகள். பெரிய பயணிகள் கப்பல்களில் இத்தகடுகளை முதலில் பெற்றது 1950இல் வந்த பி அண்ட் ஓவின் 'சூசான்'. வெயிலும் ஆட்டமும் தணிந்தபின், விற்பதற்கு எஞ்சியது காட்சி! டைட்டானிக்கில் இரண்டே செல்வர் அறைத்தொகுதிகளுக்கு மட்டும் ஐம்பதடி நீளத் தனி உலாவுதளம் இருந்தது. 1984இல் வந்த 'ராயல் பிரின்சஸ்' அறைகள் அனைத்தையும் கடல் நோக்கியே அமைத்து, பலவற்றுக்குப் பலகணியும் வைத்தது. அதன்பின் பலகணிகள் தளத்தின்மேல் தளமாக ஏறின. விலையும் அவற்றோடு ஏறியது. காட்சியற்ற உள்ளறைகளுக்கும் ஏதாவது தர வேண்டுமே? 2011இல் 'டிஸ்னி ட்ரீம்' கப்பல், வெளியே ஒளிப்படக்கருவி பொருத்தி, உள்ளறைச் சுவரில் வட்டச் சாளரம் போன்ற திரையில் கடலைக் காட்டியது. பிப்பியின் சந்துக்கும் இந்தத் திரைக்கும் உள்ள உறவு நமக்குப் பெரிதும் பிடித்திருக்கிறது.

ஆனால் தகடுகள் தணிப்பது பக்கவாட்டு உருளலை மட்டுமே. முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவற்றால் பயனில்லை. உயரே போகப் போக ஊசலின் வீச்சும் கூடும். ஆகவே இன்று மிகுந்த விலைக்கு விற்கும் மேல்தள முன்முனைப் பலகணியறையே மிகுதியாக ஆடுவது. மலிவாகக் கிடைக்கும் கீழ்த்தள நடு அறையே அமைதியானது. ஓஷியானிக் கட்டியவர்கள் கண்ட உண்மை இப்போது தள்ளுபடி விலையில் கிடைக்கிறது என்று கொள்க.

எனவே பாட்டியும் குழந்தைகளும் வரும் முதல் பயணத்துக்கு நம் பரிந்துரை: கப்பலின் நடு, கீழ்த்தளம், திறவாத சாளரம் உள்ள அறை. உள்ளறையில் பகலிரவு தெரியாது. குழந்தைகள் நன்றாகத் தூங்குவார்கள், ஆனால் தலைசுற்றும்போது அடிவானத்தைப் பார்க்க வழியிராது. பலகணி சிறு குழந்தை உள்ளவர்க்கு ஓயாத காவல் வேலை. தேர்ந்த அறைக்கு நேர் மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று அடுத்தடுத்த தள வரைபடங்களில் பார்க்கவும். ஆடரங்கமோ சமையற்கூடமோ இருந்தால் ரவுண்ட் ஹவுஸின் கோழிக்கூடு கதைதான்! மேலும் கீழும் அறைகளே இருப்பது நலம்.

இன்னொன்று, அறையை அடைந்ததும் செய்ய வேண்டியது. 2012 சனவரியில் இத்தாலியக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் மாண்டபோது, அன்று மாலை ஏறியிருந்த சில நூறு பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி நடந்திருக்கவில்லை. விதிப்படி அதற்கு ஒரு நாள் அவகாசம் இருந்தது. அதன்பின் விதி திருத்தப்பட்டு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி கட்டாயமாயிற்று. கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் படத்தில் உங்கள் கூடுமிடம் குறிக்கப்பட்டிருக்கும். ஆபத்து வேளையில் மின்தூக்கியைப் பயன்படுத்த இயலாது. பெட்டிகளைப் பிரிக்கும் முன் குடும்பத்தோடு ஒருமுறை படி வழியாக அங்கு நடந்து போய் வாருங்கள், பாட்டியின் வேகத்தில். அவர் ஏற முடியாத அளவுக்குப் படிகள் இருந்தால், பணியாளரிடம் அப்போதே சொல்லி, உதவிக்கு வருபவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.