கையைக் கட்டுங்க டீச்சர்!

1939 நவம்பர். ஓர் இத்தாலியப் பாட்டியம்மா மெட்ராஸ் வந்து சேர்ந்தார். வயது 69. பெயர் மரியா மாண்டிசோரி. ஆமாம், உங்கள் தெருமுனை நர்சரி ஸ்கூல் போர்டில் இருக்கிற அதே மாண்டிசோரிதான். டாக்டருக்குப் படித்தவர்.

அடையாறு பிரம்மஞான சபைக்கு அவரை வரவழைத்தவர்கள் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். மூன்று மாத வகுப்பு. குழந்தைகளுக்கு அல்ல, டீச்சர்களுக்கு. ஓலைக் கொட்டகையில் முந்நூறு பேருக்கு மேல். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். கூடவே வந்திருந்த மரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார்.

அப்படி என்ன பாடம்? குழந்தை ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தண்ணீர் ஊற்றுகிறதா? ஊற்றட்டும். கொஞ்சம் சிந்தினால் ஓடிப்போய்ப் பிடுங்காதே. பட்டன் போடப் பத்து நிமிஷம் ஆகிறதா? காத்திரு. முதலில் கவனிக்கப் பழகு, அப்புறம்தான் கற்றுக்கொடுப்பது. 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று பிள்ளைகளை அதட்டியே பழகிய ஊரில், கையைக் கட்டிக்கொள்ள வேண்டியவர் டீச்சர் என்றால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. ஒரே நாளில் இருவரும் பிரிட்டனின் எதிரி நாட்டுப் பிரஜைகள். மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறு வளாகத்தைத் தாண்டக் கூடாது.

இங்கே ஒரு விஷயம். மரியோவை உறவுக்காரர், வளர்ப்பு மகன் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார். உண்மையில் 1898-ல் அவர் பெற்ற பிள்ளை. கல்யாணம் ஆகவில்லை. கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்துவிட்டார். குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கால ரோமில் விஷயம் வெளியே தெரிந்திருந்தால் வேலையும் போயிருக்கும், பெயரும் போயிருக்கும்.

ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்த நாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. மரியோவுக்கு விடுதலை, இதுதான் உங்களுக்குப் பிறந்த நாள் பரிசு என்று. தந்தியில் மரியோவைக் குறித்திருந்த சொல்: மகன்.

மூன்று மாதத்துக்கு வந்தவர் 1946 வரை இங்கேயே தங்கிவிட்டார். (பி.காம். படித்தவன் கணக்கில், முதலைவிட வட்டி பல மடங்கு!) இடையில் கொடைக்கானல் வாசம். போன ஊர்களிலெல்லாம் வகுப்புகள். மொத்தத்தில் ஆயிரம் டீச்சர்களுக்கு மேல் பயிற்சி பெற்றார்கள். மூன்று வயதுகூட ஆகாத குழந்தைகளைப் பற்றி அவர் விரிவாகப் பேச ஆரம்பித்ததும் இந்த வருடங்களில்தான். அந்தப் பேச்சுகள் 'தி அப்சார்பன்ட் மைண்ட்' என்ற பெயரில் 1949-ல் புத்தகமாக வந்தன. அச்சானதும் நம்ம அடையாறில்தான்.