முத்திரை விழுந்த படி

கடைக்காரர் கையிலுள்ள படிக்கும் எடைக்கல்லுக்கும் அரசு பொறுப்பேற்பது தமிழகத்தில் பழைய வழக்கம். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லின் அளவை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. அளந்தது ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால், அது ‘இராசகேசரி’ என்னும் அளவைக்கு ஒத்தது என்பதையும் சேர்த்தே பொறிக்கின்றன. பொன் நிறுத்த கல்லுக்கும் பெயர் உண்டு. எந்தக் கருவியால் அளந்தது என்று தெரியாத கணக்கு, கணக்கே அல்ல என்ற தெளிவு அதில் இருக்கிறது.

அந்தத் தெளிவு பின்னாளில் கலைந்தது. சென்னை மாகாணத்தில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. ஆனால் முகத்தலளவையான படியோ ஊருக்கு ஊர் மாறியது. ஒரே படியிலும் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்ற வழக்கு தீராது. ‘லாபம், ரெண்டு, மூணு’ என்று எண்ணிக்கொண்டே அளப்பவரின் உள்ளங்கைச் சரிவில் ஒரு பிடி அரிசி கூடும், குறையும். மூட்டையாக வாங்கியவருக்கு அது பெரிதல்ல. அன்றாடக் கூலியில் அரைப்படி வாங்கியவருக்கோ அது ஒரு கவளச் சோறு.

1939ஆம் ஆண்டின் எடைத் தரச் சட்டம் ஒரு தோலா 180 கிரெயின் என்று வரையறுத்தது. எடையோடு அது நின்றுவிட்டது, முகத்தலளவையைத் தொடவில்லை. நாடு முழுமைக்கும் ஒரே அளவை முறையைக் கொண்டுவந்தது 1956ஆம் ஆண்டின் எடை, அளவுத் தரச் சட்டம்தான். 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் கடைகளுக்கு வந்தன. பழைய எடைகளான சேரும் வீசையும் சட்டத்தில் மறைந்தாலும் பேச்சில் பல ஆண்டுகள் நீடித்தன.

அளவைத் தரத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. கடையில் வந்து சோதிப்பது மாநில அரசு. தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. இரும்பு எடைக்கல்லின் துளையில் ஈயம் வார்த்திருக்கும். கல் தேய்ந்து எடை குறைந்தால் ஈயத்தைச் சேர்த்துச் சரிசெய்வார்கள். ஆய்வாளரின் முத்திரை விழுவதும் அந்த ஈயத்தின் மேல்தான். 2011இல் நடைமுறைக்கு வந்த சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் விதிகளின்படி, எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை இட வேண்டும்.