வந்த நிலத்தின் பூ

திருத்தணி மலைக்கு நீலோற்பலகிரி என்றும் பெயர் உண்டு. இங்குள்ள சுனையில் காலை, உச்சி, மாலை என வேளைக்கு ஒரு குவளை மலர்வதாகக் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் பாடுகிறது. குவளையோ வயலும் குளமும் சார்ந்த மருதத்துப் பூ. மலைச் சுனைக்கு ஏறியதும் அது முருகனின் பூவாயிற்று; பிற்கால அகப்பொருள் இலக்கணமும் ‘சுனைக்குவளை’ என்று அதைக் குறிஞ்சியின் கணக்கில் சேர்த்தது. இதற்கு வழிவிட்டவர் தொல்காப்பியர். ஒரு நிலத்துப் பூவோ பறவையோ வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்துக்கே உரியதாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் விதி. இது புலவர்க்குக் கொடுத்த சலுகை மட்டுமன்று. செடியை மண்ணோடு சேர்த்தே பார்த்துப் பழகிய கண்களின் தீர்ப்பு என்பேன்.

இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டை மாவட்டத்து உஸ்ஸன்கொடவில் இந்தத் தீர்ப்பு மண்ணிலேயே பலித்திருக்கிறது. 2010-இல் தேசியப் பூங்காவான அந்தச் செம்மண் வெளிக்கு அடியில் இருப்பது செர்பென்டைன் பாறை. அது சிதைந்து உண்டான மண்ணில் நிக்கல், குரோமியம், மக்னீசியம் மிகுதி. செடிக்கு வேண்டிய கால்சியம் குறைவு. சுற்றிலும் புதர்க்காடு நிற்க, நடுவெளியில் தரையோடு ஒட்டிய பூண்டுகளே படர்கின்றன. குனிந்து பார்த்தால் அவற்றில் நமக்குத் தெரிந்த முகங்கள்: நீலப் பொட்டு வைத்தாற்போன்ற விஷ்ணுகிரந்தி, ஓர் இதழ் மட்டும் அகன்று விரிந்த ஓரிதழ்தாமரை. தமிழ்நாட்டுத் தரிசுகளில் மருந்துக்குப் பறிக்கும் அதே மூலிகைகள். சாதாரணச் செடியின் ஒரு கிலோ உலர்ந்த இலையில் பொதுவாக 10 மில்லிகிராம் நிக்கல்கூட இராது. உஸ்ஸன்கொடவின் இவ்விரண்டிலும் 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதை ஆய்வுகள் பதிந்துள்ளன. பூ அதேதான், உள்ளே இருப்பது வந்த நிலத்தின் சரக்கு.

தொல்காப்பியர் நிக்கலையா கண்டார் என்று கேட்கலாம். இல்லை, அவர் சொன்னது பாட்டுக்கான இலக்கணம். ஆனால் பூ இடம் மாறுவதைக் கண்டவர்கள்தாம் அதற்கு விதி தேடுவார்கள். தேடியவர்கள் உரிமையைப் பூவுக்குக் கொடுக்காமல் நிலத்துக்குக் கொடுத்ததே கவனிக்கத் தக்கது. எங்கும் வளரும் பூ எப்படி மண்ணைக் காட்டும் என்பது அடுத்த தடை. தனிப் பூ காட்டாதுதான். அதனால்தான் இலக்கணம் உணவு, விலங்கு, மரம், பறவை என்று கருப்பொருளைக் கூட்டமாக வைத்தது. உஸ்ஸன்கொடவிலும் மரமற்ற வெளியும் குறுகிப் படர்ந்த பூண்டும் செம்மண்ணும் சேர்ந்துதான் பாறையைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆகவே மூலிகை வாங்குபவர் பெயரோடு அது விளைந்த மண்ணையும் விசாரிக்க வேண்டும். திருத்தணிக்கும் இது பொருந்தும். சுனை தூர்ந்துபோனால், எந்தக் குளத்திலிருந்து பறித்து வந்து சாத்தினாலும் அது குவளைதான், சுனைக்குவளை ஆகாது.