முதுகில் ஓர் ஊசி

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே போனால் வேலூர், கிழக்கே போனால் சென்னை. இரண்டும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரின் இரு பக்கமும் இன்னொரு வரலாறு இருக்கிறது. இந்தியாவில் மூளை அறுவை சிகிச்சை தனித் துறையாக வேர்விட்டது இந்த இரண்டு ஊர்களில்தான். மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார்.

அவர்கள் சமாளிக்க வேண்டியிருந்த சிக்கல்களில் ஒன்று, ஒரு நீர்.

மூளைக்குள்ளும் அதைச் சுற்றியும் முதுகுத்தண்டு நெடுகிலும் நிறமில்லாத நீர் ஒன்று ஓடுகிறது. அதுதான் மூளைத் தண்டுவட நீர். பெரியவர்களுக்கு எந்நேரமும் இருப்பது சுமார் 150 மில்லி, ஒரு டம்ளர்கூட முழுசாக நிறையாது. ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி சுரக்கிறது, அதே அளவு ரத்தத்தில் கலந்து போகிறது. வரத்தும் போக்கும் சரியாக இருக்கும்வரை இப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. போக்கு அடைத்துக்கொண்டால், மதகு அடைத்த ஏரியின் கதைதான். கைக்குழந்தைக்கு மண்டையோடு இன்னும் இறுகாததால் தலை பெரிதாகும். வளர்ந்தவர்களுக்கு மண்டை விரியாது. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பிறகு மயக்கம்.

நேப்பிள்ஸ் மருத்துவர் டொமினிகோ கொட்டூன்யோ 1764-இல் இந்த நீரை விவரித்தார். இடுப்புக்கு மேலே முதுகெலும்புகளின் இடைவெளியில் ஊசி செலுத்தி அதை எடுக்கும் முறையை 1891-இல் ஜெர்மனியின் ஹைன்ரிக் குவிங்கே நிலைநிறுத்தினார். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்" என்ற பேச்சு நம்மூரில் இன்னும் ஓடுகிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் அந்த இடத்துக்கு மேலேயே முடிந்துவிடுகிறது என்பது அந்தப் பேச்சுக்குத் தெரியாது.

அந்த ஊசி காட்டிக்கொடுக்கும் நோய்களில் ஒன்று டிபி மூளைக்காய்ச்சல். ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முன்பு அது வந்தால் பிழைப்பது மிக அரிது. மருந்து வந்த பிறகும் ஒரு கண்டம் மிச்சமிருந்தது. மூளையின் அடிப்பகுதியில் படியும் கெட்டியான கசிவு, நீரின் பாதையை அடைத்துவிடும். அதற்கு வழி ஷன்ட், அதாவது மூளையின் அறையிலிருந்து தோலுக்கடியிலேயே வயிறு வரை போகும் மெல்லிய குழாய். 1950-களின் நடுவில் அதற்கு நம்பகமான வால்வு ஒன்றைச் செய்தவர் டாக்டர் இல்லை. அமெரிக்காவில் இயந்திர வேலை பார்த்த ஜான் ஹோல்ட்டர். அவருடைய மகனுக்கே மூளையில் நீர் தேங்கியிருந்தது. பின்னாளில் நம் நாட்டிலேயே, ஷாஜகான்பூரில் தயாரான சாப்ரா ஷன்ட் விலையைப் பல மடங்கு குறைத்தது.

சரி, குழாய் வைத்தால் எல்லோரும் பிழைத்தார்களா? இதற்கு உலகம் இன்றும் எடுத்துப் பார்க்கும் பதில் வேலூரிலிருந்து வந்தது. டிபி மூளைக்காய்ச்சலால் நீர் தேங்கி, ஷன்ட் வைக்கப்பட்ட 114 பேரைத் தொடர்ந்து கவனித்து சி.எம்.சி. மருத்துவர்கள் 1991-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளிகளை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். நினைவு தெளிவாக, தலைவலியும் வாந்தியுமாக வந்த முதல் நிலையில் இறந்தவர்கள் 20 சதவீதம். இரண்டாம் நிலையில் 34.7, மூன்றாம் நிலையில் 51.9. ஆழ்ந்த மயக்கத்தில் கொண்டுவரப்பட்ட நான்காம் நிலையில் 100. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 'வேலூர் நிலைகள்' என்று மருத்துவ உலகம் அந்தப் பிரிவுக்கே பேர் வைத்துவிட்டது.

ஒரே மருத்துவமனை, ஒரே சிகிச்சை. எந்த நிலையில் வந்து சேர்ந்தார்கள் என்பதில்தான் உயிர் இருந்தது.

இந்த நோய் கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை. லேசான ஜுரம், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு என்று வாரக்கணக்கில் இழுக்கும். "சாதா ஜுரந்தானே, பார்க்கலாம்" என்று தள்ளிப்போடத் தோன்றும். நெசவுக் கூலி புடவைக் கணக்கில் வருவது. கோர்வைப் புடவை நெய்யும் தறியில் ஒருத்தர் எழுந்தால் துணைக்கு உட்கார்ந்தவர் கையும் நின்றுவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு நாள் என்பது இரண்டு பேரின் கூலி. அதற்குமேல் அந்த ஊசி பற்றிய பயம் வேறு.

காஞ்சிபுரத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் 70 கிலோமீட்டர்தான். முதல் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் நடுவே இருக்கும் தூரம், வீட்டிலேயே கழிந்துபோகும் அந்தச் சில வாரங்கள்.