நாற்பதாம் நாள் நறுக்கிய வால்

கி.பி. முதல் நூற்றாண்டில், ஸ்பெயினின் காடிஸ் ஊரில் பிறந்த கொலுமெல்லா என்பவர் ரோமானியப் பண்ணையாளர்களுக்காக லத்தீனில் ஒரு விவசாய நூல் எழுதினார். மொத்தம் 12 புத்தகங்கள். ஏழாவதில் நாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார். வீட்டுக் காவலுக்குக் கறுப்பு நாய் வேண்டும், இருட்டில் திருடன் கண்ணுக்குத் தெரியாது. ஆட்டு மந்தைக்கு வெள்ளை நாய் வேண்டும், மேய்ப்பன் ஓநாய் என்று நினைத்து அடித்துவிட மாட்டான். இப்படி அனுபவத்தோடு சொல்லிக்கொண்டு வருபவர், வாலுக்கு வந்ததும் வேறொன்றைச் சொல்கிறார். குட்டி பிறந்து 40 நாள் ஆனதும் வாலை நறுக்க வேண்டுமாம். முதுகெலும்பின் கணுக்கள் வழியே வால் நுனிவரை ஒரு நரம்பு ஓடுகிறது. அதைப் பல்லால் கவ்வி, சற்று வெளியே இழுத்து அறுத்துவிட்டால் வால் அசிங்கமாக நீளாது, வெறிநோயும் அண்டாது என்று மேய்ப்பர்கள் பலர் சொல்வதாக எழுதியிருக்கிறார்.

அரசு கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 40 நாள் குட்டி எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கண் திறந்து, பால்பல் முளைத்து, கூப்பிட்டால் உடம்பே ஆட வாலாட்டி ஓடிவரும். அந்த வாலுக்குள் எலும்புக்கணுக்கள், தசை, ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் முழுசாக வேலை செய்துகொண்டிருக்கும். மேய்ப்பர்கள் பல்லால் இழுத்தது பெரும்பாலும் வெள்ளைவெளேரென்று நீளும் தசைநாணாகத்தான் இருந்திருக்கும். வெட்டிய வாலிலிருந்து அது உருவி வருவதைப் பார்த்தவன், உள்ளே ஏதோ ஆகாதது இருந்தது, எடுத்துவிட்டோம் என்று நம்பியதில் வியப்பில்லை.

நாக்கும் தப்பவில்லை. அதே நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் பிளினி, நாய் நாக்கில் ஒரு சின்னப் புழு இருக்கிறது, குட்டியிலேயே எடுத்துவிட்டால் வெறி பிடிக்காது என்று எழுதிவைத்தார். நாக்கின் அடிப்பக்கம் நடுவே குறுநாண் போல ஒன்று எல்லா நாய்க்கும் உண்டு. அது புழுவும் இல்லை, நோயும் இல்லை. இருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் குட்டிகளின் நாக்கைக் கீறி அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மனிதர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெறிநாய் கடித்தவர் தண்ணீரைக் கண்டு நடுங்கிச் சாவதைப் பார்த்த ஊர், எதைச் செய்தாவது அதைத் தடுக்கத்தான் பார்க்கும். 1885இல் பாரிஸில் லூயி பாஸ்டர் ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றும்வரை மனிதன் கையில் வேறு எதுவும் இல்லை. இந்தியாவில் 1900இல் வடக்கே கசௌலியில் அந்த ஊசி போடும் பாஸ்டர் நிலையம் வந்தது. தெற்கே கடிபட்டவர் அவ்வளவு தூரம் போய்ச் சேர வேண்டியிருந்தது. 1907இல் குன்னூரில் நிலையம் திறந்த பிறகுதான் நம் பக்கத்துக்கு விடிவு. தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசியை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெறிநோய்க் கிருமி கடித்த நாயின் எச்சிலில் வருகிறது, நரம்பு வழியே மூளைக்கு ஏறுகிறது என்பது தெளிவாகிவிட்டது. வாலை வெட்டச் சொன்ன காரணம் அதோடு செத்துப்போயிருக்க வேண்டும்.

சாகவில்லை. காரணத்தை மாற்றிக்கொண்டு வழக்கம் பிழைத்துக்கொண்டது. 1796இல் பிரிட்டன் நாய்க்கு வரி போட்டது. வேலைநாய்க்கு வரியில்லை, அதற்கு அடையாளமாக வாலை நறுக்கினார்கள் என்று நாய் வளர்ப்பவர்கள் இன்றும் சொல்வார்கள். வேட்டையில் முள்ளில் கிழியும் என்றார்கள். பிறகு கண்காட்சிகள் வந்தன. இன்ன இனம் இன்ன வடிவில் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். ஜெர்மனியின் அபோல்டா ஊரில் லூயி டோபர்மேன் உருவாக்கிய நாய் குட்டைவாலோடு உலகம் சுற்றி, நம்மூர் பங்களா வாசலிலும் வந்து நின்றது. அதற்கு நீள வால் உண்டு என்றே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். பிறந்து மூன்று, நான்கு நாள் குட்டிக்கு மயக்க மருந்துகூட இல்லாமல் கத்தரியாலோ இறுக்கிப் போட்ட ரப்பர் வளையத்தாலோ வேலையை முடித்துவிடுவார்கள். அந்த வயதில் வலி தெரியாது என்பார்கள். அது பொய்.

அப்படி நறுக்கிய ஒரு டோபர்மேனை என்னிடம் கொண்டுவந்தார் ஒருவர். "டாக்டர் சார், வால்தான் இல்லையே, அப்புறம் எதைச் சுத்திச் சுத்திக் கடிக்குது?" என்றார். வால் அடியில் மிஞ்சியிருந்த மொட்டையில் முடி உதிர்ந்து, தோல் ஈரமாகச் சிவந்திருந்தது. விரலால் தொட்டதும் அலறித் திரும்பியது. தோலுக்கடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. அறுபட்ட நரம்பு மறுபடி வளரப் பார்த்து, போக வழியில்லாமல் சுருண்டு கட்டியாகும். தொட்டாலே சுரீரென்று வலிக்கும். கை, கால் இழந்த மனிதர்களுக்கும் இது வருவதுண்டு. அறுவை செய்து அந்த முடிச்சை எடுத்தோம். புண் ஆறியதும் கடிப்பது நின்றது. எப்போதோ வெட்டிய வெட்டைத்தான் அந்த நாய் கடித்துக்கொண்டிருந்தது.

முழு வால் உள்ள நாயும் தன் வாலைத் துரத்தும், கடிக்கும். குட்டி விளையாட்டாகச் செய்யும், தானே விட்டுவிடும். பெரிய நாய் திடீரென ஆரம்பித்தால் முதலில் வாலடி முடியை விலக்கித் தெள்ளுப்பூச்சியைத் தேடுவேன். அடுத்து ஆசனவாய்ப் பக்கம் உள்ள இரண்டு சுரப்பிப் பைகள் நிறைந்து வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டும் இல்லையென்றால், நாளெல்லாம் சங்கிலியில் கிடக்கிறதா என்று கேட்பேன். சில நாய்களுக்கு அது மனநோயாகவே ஆகிவிடும். கூப்பிட்டாலும் காதில் விழாது, சோறு வைத்தாலும் திரும்பாது. பின்லாந்தில் 368 நாய்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். தாயிடமிருந்து சீக்கிரமே பிரிக்கப்பட்ட குட்டிகளிடம் இந்த வால் துரத்தல் அதிகம் என்று அதில் தெரிந்தது. கண் திறந்ததுமே குட்டியை விற்றுவிடும் நம்மூர் வியாபாரிகள் இதைக் கேட்க வேண்டும்.

வால் நீளமாக இருந்தால் அடிபடும் என்ற வாதத்தையும் பிரிட்டனில் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார்கள். 2010இல் வந்த அந்த ஆய்வின்படி, ஒரு நாய்க்கு வாலில் காயம் வராமல் தடுக்க சுமார் 500 நாய்களின் வாலை வெட்ட வேண்டும். நார்வே 1987இலேயே இந்த வழக்கத்தைத் தடை செய்துவிட்டது. இங்கிலாந்தில் 2007 முதல், சில வேலைநாய்களைத் தவிர மற்றவற்றுக்குக் கூடாது. விலங்கின் உறுப்பைச் சிதைப்பது கொடுமை என்று நம் நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது.

குட்டி வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வால் நறுக்கிய குட்டி வேண்டாம் என்று விற்பவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். கேட்பவர் இருக்கும்வரைதான் வெட்டுவார்கள். வீட்டு நாய் வாலைக் கடித்தால் அதட்டாதீர்கள், கட்டிப்போடாதீர்கள். முடியை விலக்கிப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.