மெய்நிகர்ப் பொறிகளில் கொள்கலன் தொகுதி: வரலாறும் ஸ்ரீபெரும்புதூர் ஒப்பீடும்

முன்னுரை

மென்பொருள்களைக் கொள்கலன்களாகப் பகுத்துப் பல கணினிகளில் ஒருங்கே இயக்கும் தொகுதிகள் இன்று பரவலாக மெய்நிகர்ப் பொறிகளின்மீது நிறுவப்படுகின்றன. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காகத் தோன்றிய இரு நுட்பங்கள் இவ்வாறு அடுக்கப்படுவதால் எழும் இடர் ஒன்றை, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தின் அண்மை வரலாற்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு மரபுகள்

மெய்நிகர்ப் பொறி, கணினி அரிதாகவும் விலைமிக்கதாகவும் இருந்த காலத்தின் விளைவாகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் மையத்தில் 1964இல் தொடங்கிய முயற்சி, 1972இல் வி.எம்./370 என வெளிவந்தது. ஒரு பொறியைப் பகிரும் பலரும் தமக்கெனத் தனிக்கணினி இருப்பதாக உணரச் செய்வதே அதன் நோக்கம். எனவே, அடித்தளத்தை மறைப்பது அதன் இயல்பாயிற்று.

கொள்கலன் வன்பொருளைப் போலச்செய்வதில்லை. ஒரே இயக்குதளத்தின் உட்கருவைப் பகிர்ந்துகொண்டு செயல்களைப் பிரித்துவைக்கிறது. இதற்கான வளப்பங்கீட்டு வசதி 2008இல் லினக்ஸில் சேர்ந்தது. 2013இல் டாக்கர் வெளிவந்தது. 2014 ஜூனில் கூகுள் குபெர்நெட்டிஸை அறிவித்தது. சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. தமிழில் மீகாமன் எனலாம். ஒரு கணு செயலிழந்தால் அதன் பணிகளைப் பிற கணுக்களில் மீண்டும் தொடங்குவது இம்மீகாமனின் கடமை.

எண்ணிக்கையும் உறுதியும்

தொகுதியின் நிலையைப் பதிந்துவைக்கும் எட்சிடி தரவகம் பெரும்பான்மை விதிப்படி இயங்குகிறது. உறுப்புகள் மூன்றாயின் ஒன்றின் இழப்பையும், ஐந்தாயின் இரண்டின் இழப்பையும் அது தாங்கும். ஆனால், அம்மூன்று மெய்நிகர்ப் பொறிகளும் ஒரே வழங்கியில் இருப்பின், அவ்வழங்கி பழுதுறும்போது மூன்றும் ஒருங்கே வீழும். அடித்தளம் மறைக்கப்பட்டிருப்பதால் மீகாமனுக்கு இது தானாகத் தெரியவராது. அமைப்பவரே கணுக்களைத் தனித்தனி வழங்கிகளில் பிரித்து வைத்தல் வேண்டும். அப்பிரிவினையைக் குறிச்சீட்டுகளால் தொகுதிக்கு அறிவித்தலும் வேண்டும்.

தொழில்தட ஒப்பீடு

ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையின் வளாகத்திலேயே ஃபாக்ஸ்கான், சால்காம்ப் முதலிய உதிரிபாக நிறுவனங்களும் அமைந்தன. 2014 நவம்பர் 1இல் அவ்வாலையில் உற்பத்தி நின்றது. டிசம்பரில் அவ்வளாகத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது. நிறுவனங்கள் பல இருந்தும், ஒரே கொள்முதலைச் சார்ந்திருந்தமை பாதிப்பைப் பரப்பியது. எனினும், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் (1998), ஒரகடத்தில் ரெனோ–நிசான் (2010), டைம்லர் (2012) எனத் தனித்தனி அடித்தளங்கள் இருந்தமையால் தொழில்தடம் முழுவதும் வீழவில்லை.

முடிவுரை

இவ்வொப்பீட்டுக்கு எல்லை உண்டு. நின்ற கொள்கலனைச் சில நொடிகளில் மீண்டும் தொடங்கலாம். வேலையிழந்த தொழிலாளரின் வாழ்வை அவ்வாறு தொடங்க இயலாது. ஆயினும், இரண்டும் உணர்த்தும் நெறி ஒன்றே: கணுக்கள் எத்தனை என எண்ணுமுன், அவற்றைத் தாங்கும் அடித்தளங்கள் எத்தனை என எண்ணுதல் வேண்டும்.